எந்த ஊர் நேரம்

தம்பிலுவில் சந்தியில் இறங்கிக் கேட்டேன்,
லண்டனில் இருந்து வரும்போது மோசம்போனவரின் வீடு எது?
ஐஸ்பழக்காரர் சைக்கிளை ஒரு கையால் பிடித்தபடி
மறு கையைக் கடற்பக்கம் நீட்டினார்.

குருக்களின் மடியில் பஞ்சாங்கம்.
கட்டுநாயக்காவில் தந்த தாளில்
விடிய நாலு ஐம்பது என்றிருக்கிறது. அது நவமி.
"அதுக்கு முந்தியே முடிஞ்சிற்று எண்டு சொல்றாங்க.
இரவு ஒண்டரை மட்டும் அட்டமி.
நீங்கதானே பக்கத்தில நிண்ட நேர்ஸ்?"

நான்தான். மட்டக்களப்பு ஆஸ்பத்திரி.
தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்குப் போய்த் திரும்பியவள்.

அந்தத் தாளின்படி ஆகாயத்தில் யாரும் சாகவில்லை.
சக்கரம் தரை தொட்டு, கதவு திறந்து,
கழுத்தில் அட்டை தொங்கும் டொக்டர் ஒருவர் ஏறி வந்து
கண்மடலைத் தூக்கிப் பார்க்கும் வரைக்கும்
நாற்பத்தோராம் வரிசை ஜன்னலோரத்து நல்லரெத்தினம்
சுகமில்லாத ஒரு பயணி.

பின்பக்கத்துக் குசினி, சாப்பாட்டு வண்டிகளுக்கு நடுவே தரை.
யாரோ சிந்திய கோப்பியில் என் முழங்கால் நனைந்தது.
பெட்டிக்குள் இருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில் சொன்னது:
தொடாதே. அதிர்ச்சி தேவையில்லை. தொடர்ந்து அழுத்து.
முப்பதுக்கு இரண்டு. முப்பதுக்கு இரண்டு.
தரையில் எங்கோ இருந்த இன்னொரு டொக்டரிடம் கப்டன்
மஸ்கட்டில் இறக்கவா என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.
பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

தினூஷா என்ற பிள்ளைக்கு இருபத்திமூன்று இருக்கும்.
என்னோடு மாறி மாறி அழுத்தியதில் கொண்டை அவிழ்ந்து
ஊசியொன்று அவர் சட்டையில் விழுந்து கிடந்தது.
வெறும் இருக்கை ஒன்றும் இல்லை.
அவருடைய இடத்துக்கே கொண்டுபோனோம், நாலு பேராக,
நித்திரைக்காரனைத் தூக்குவதுபோல.
போர்வையைக் கழுத்துமட்டும் இழுத்துவிட்டாள். முகத்தை மூடவில்லை.
பெல்ட்டை இறுக்கும்போது
"சொறி அங்கிள்" என்றாள்.
முன்வரிசையில் ஒரு பையன் படம் பார்த்துச் சிரித்தான்.

என் கடிகாரம் இன்னும் லண்டனில் ஓடிக்கொண்டிருந்தது.
அழுத்துவதை நிறுத்தியபோது ஏழு நாற்பது.
நாலரையைக் கூட்டினேன். பன்னிரண்டு பத்து.
"அப்ப அட்டமிதான்" என்று குருக்கள் எழுதிக்கொண்டார்.
கீழே மஸ்கட்டில் பத்து நாற்பது, முதல் நாள் திகதி.
அதை ஏன் சொல்வான் என்று விட்டுவிட்டேன்.

வேறொன்றையும் சொல்லவில்லை.
டொக்டர்மார் யாரும் இருக்கிறீர்களா என்று
முதல்தரம் கேட்டபோது நான் கண்ணைத் திறக்கவில்லை.
மூன்று கிழமை விடிய விடியப் பிள்ளை தூக்கியவள்.
முந்நூறு பேரில் ஒரு டொக்டர் இல்லாமலா.
இரண்டாந்தரம், நேர்ஸ் என்றாலும், என்றார்கள்.
ஏழு மணிக்கும் ஏழு நாலுக்கும் இடையில்
நான் செருப்புத் தேடிக்கொண்டிருந்தேன்.
கால் பட்ட இடத்தில்தான் கிடந்தது.

தங்கேஸ்வரி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தா.
திதியைப் பற்றி அவ ஒன்றும் கேட்கவில்லை.
"சாப்பிட்டவரா?"
"ஓம் அக்கா. மீனும் சோறும்.
தட்டைப் பார்த்தேன், ஒரு பருக்கை மிச்சமில்லை.
பட்டரை மட்டும் பிரிக்கல்ல."
"பட்டர் தின்னமாட்டார்" என்றா.
பிறகு உள்ளே போய் அதையே யாருக்கோ சொன்னா,
கொஞ்சம் உரத்து:
"பட்டரைத் தொடல்லயாம். பாத்தியா, அவர்தான்."

இரண்டு மணி பஸ்ஸுக்கு எழும்பினேன்.
வாசலில் இருபது முப்பது சோடி செருப்பு,
ஒன்றின்மேல் ஒன்றாக, மணலோடு.
என்னுடையது
பார்த்த உடனேயே தெரிந்தது.